மூன்றாவது துவாரத்தில் என்ன இருக்கிறது?

தில்லியில் மே மாதம் என்றால் நம்மவர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, ஊருக்குப் போகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததா என்ற கவலை. இன்னொன்று, ஆந்தி. பகல் முழுக்க அடுப்பில் போட்ட தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடக்கும் ஊர், சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திடீரென்று இருட்டும். மஞ்சளாகப் புழுதி எழும். ஜன்னல்கள் அடித்துக்கொள்ளும். நாலு சொட்டு மழை, நாற்பது இடி. அரை மணியில் எல்லாம் ஓய்ந்துவிடும். பால்கனியில் ஒரு முறம் மண் சேர்ந்திருக்கும்.

2018 மே மாதம் அப்படி வந்த ஓர் ஆந்தியில்தான் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் போயிற்று. அந்த மாதத் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் புழுதிப் புயலுக்கு நூறு பேருக்கு மேல் பலியானார்கள். அதற்கு முன்னால் என் நஷ்டம் ஒரு நஷ்டமே இல்லை. இருந்தாலும் அது எப்படிப் போயிற்று என்று தேடிப் போனபோது தெரியவந்த சங்கதி, உங்களில் பலர் வீட்டிலும் இருக்கக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

2016-ல் பையன் தன் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்தது அது. ஐம்பது அங்குல டி.வி., ஒரு ஏ.வி. ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், முக்காலி மாதிரி ஒரு சப்-ஊஃபர். "எதுக்குடா இவ்வளவு? நாங்க பார்க்கிறது நியூஸும் கச்சேரியும்தானே" என்று என் மனைவி கேட்டாள். "கச்சேரிக்குத்தாம்மா வேணும். மிருதங்கத்தோட தொப்பி இதுல கேட்டுப் பாரு" என்றான். உண்மைதான், கேட்டது.

டி.வி.யின் யு.எஸ்.பி. துளையில் எப்போதும் ஒரு ஹார்ட் டிஸ்க் தொங்கிக்கொண்டிருக்கும். 1996-ல் ஊரில் நடந்த என் அப்பாவின் சதாபிஷேக வீடியோ அதில் இருந்தது. கேசட் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் கடையில் கொடுத்து டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டோம். ஏற்றிய கையோடு கேசட்டைத் தூக்கிப் போட்டோம். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

ஆந்தி வந்தபோது நான் அஜாக்கிரதையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் இடியிலேயே டி.வி., ரிசீவர் எல்லாவற்றையும் சுவர் ஸ்விட்சில் அணைத்துவிட்டேன். டி.வி.க்கு ஸ்டெபிலைசர் வேறு இருந்தது. மூன்றாவதோ நாலாவதோ பெரிய இடியின்போது, ஜன்னல் வெள்ளையாகப் பளிச்சிட்ட அதே கணத்தில், டி.வி. மேஜையிலிருந்து 'டப்' என்று அப்பளம் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு தீய்ந்த வாடை.

மறுநாள் பார்த்தால் ஃபிரிட்ஜ் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, ஸ்டெபிலைசர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அது காவல் காத்த டி.வி. மட்டும் ஊமை. செட்டாப் பாக்ஸ் கரிந்திருந்தது. ரிசீவரில் விளக்கு எரிந்தது, படமும் இல்லை ஒலியும் இல்லை.

பழுது பார்க்க வந்த பையன் கெட்டிக்காரன். டி.வி.யின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னான். "அங்கிள்ஜி, பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. இருக்கிற போர்டுதான் போயிருக்கிறது. கரண்ட் லைனில் வந்திருந்தால் முதலில் பவர் சப்ளை போயிருக்கும். இது கேபிளில் வந்தது." உத்தரவாதச் சீட்டைக் காட்டினேன். மின்னலால் வரும் சேதம் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்த இடத்தைக் காட்டினான்.

நான் காவல் போட்டது வாசல் கதவுக்கு. திருடன் வந்தது கொல்லைப்புறமாக.

எங்கள் குடியிருப்பில் கேபிள் எப்படி வருகிறது என்று அதற்குப் பிறகுதான் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எதிர் கட்டடத்திலிருந்து கறுப்பு வயர் அந்தரத்தில் தொங்கி வந்து, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு சுற்று சுற்றி, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்குகிறது. அந்த வயரின் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி உலோக வலை. எங்குமே அந்த வலையை எர்த் செய்திருக்கவில்லை. மின்னல் நம் வீட்டிலேயே விழ வேண்டும் என்பதில்லை. ஒரு மின்னலில் முப்பதாயிரம் ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் ஓடும். பக்கத்தில் எங்கோ அது இறங்கினாலும், அந்தரத்தில் நீளமாகத் தொங்கும் எந்த உலோகக் கம்பியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பிவிடும். இந்தத் திடீர் எழுச்சியைத்தான் சர்ஜ் என்கிறார்கள். வயரின் வலையில் ஏறிய அது செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக ரிசீவருக்கும் டி.வி.க்கும் போய், வெளியேற வழி தேடியிருக்கிறது.

ஸ்விட்சைத்தான் அணைத்துவிட்டேனே என்கிறீர்களா? சுவர் ஸ்விட்ச் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். அந்த வழியாக அது போயிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கேபிளையும் கழற்றி வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஸ்டெபிலைசர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. வோல்ட்டேஜ் 180-க்கு இறங்கினாலோ 260-க்கு ஏறினாலோ சரிசெய்யத்தான் அது இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரிலே 'டக்' என்று மாறுவதற்குள் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்காவது ஆகிவிடும். மின்னல் சர்ஜ் ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறுக்குள் உச்சத்துக்கு ஏறி, நூறு கூறுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஸ்டெபிலைசர் கண் விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இன்வெர்ட்டரும் அப்படித்தான். கரண்ட் இருக்கும் நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் அதை அப்படியே உள்ளே விட்டுவிடுகிறது.

சரி, சர்ஜ் புரொட்டெக்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று சாந்தினி சௌக்கில் பகீரத் பேலஸுக்குப் போனேன். ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரில் அங்கே விற்பதில் பாதி, சிவப்பு விளக்கு வைத்த வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். நல்ல பெட்டிக்குள் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கும். நாலணாக் காசு அளவு. சாதாரண வோல்ட்டேஜில் அந்த வில்லை மின்சாரத்தை விடாது. அளவு மீறினால் நொடியில் வழிவிடும். நம் ஊர் ஏரியில் கலிங்கு இருக்கிறதல்லவா, அதே தத்துவம். தண்ணீர் கலிங்கு மட்டத்துக்கு மேல் வந்தால் வழிந்து வாய்க்காலில் போய்விடும், கரை தப்பிக்கும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று என்று மூன்று இருக்க வேண்டும். பெட்டியின் மேலேயே போட்டிருக்கும், போடாததை வாங்காதீர்கள்.

அதை மாட்டிக் கொடுக்கத்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மதுபனிக்காரர், நிதானமான மனிதர். பெட்டியை மாட்டுவதற்கு முன் மீட்டரை எடுத்து ஸாக்கெட்டில் வைத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232 காட்டியது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். முள் இல்லாத அந்த மீட்டரில் எண்கள் 40, 65, 52 என்று மனசு போனபடி ஓடின. மீட்டரைக் கீழே வைத்தார். "அங்கிள்ஜி, இஸ்மே அர்த் ஹை ஹீ நஹீன்" என்றார். இதில் எர்த்தே இல்லை.

எப்படி இல்லாமல் போகும்? ஸாக்கெட்டில் மூன்று துவாரம் இருக்கிறது. மேலே உள்ள பெரிய துவாரம்தான் எர்த். உள்ளே பச்சை வயரும் வருகிறது. அவர் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஸாக்கெட்டிலிருந்து வீட்டு டி.பி. பெட்டி வரை சரி. அங்கிருந்து கீழே மீட்டர் அறை வரையும் சரி. மீட்டர் அறையில் எங்கள் பச்சை வயர் அழகாகச் சுருட்டி, டேப் ஒட்டி, ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. ஒரு முழம் தள்ளி எர்த் பட்டை. இரண்டையும் யாரும் சேர்க்கவேயில்லை. 2004-ல் வீட்டுச் சாவி வாங்கினோம். 14 வருஷம் அந்த வயர் ஆணியில் தொங்கியிருக்கிறது. பக்கத்தில் அதே மாதிரி இன்னும் பதினோரு சுருள்கள் தொங்கின. எங்கள் படிக்கட்டில் மொத்தம் பன்னிரண்டு வீடு.

கலிங்கு இருக்கிறது, வாய்க்கால் இல்லை. நான் வாங்கி வந்த பெட்டியை அப்படியே மாட்டியிருந்தால் மூன்று வில்லைகளில் ஒன்றுதான் வேலை செய்திருக்கும். எர்த்துக்கு அனுப்ப வேண்டிய இரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பழைய விஷயங்கள் இரண்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தன. செட்டாப் பாக்ஸின் கேபிள் முனையைத் தொட்டால் விரலில் சுரீரென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். "ஏதோ ஸ்டாட்டிக்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். மின்சாதனங்களின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் வைக்கிறார்கள். எர்த் இல்லாவிட்டால் அவற்றின் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் உலோக பாகங்களில் நின்றுகொள்ளும். இன்னொன்று, சப்-ஊஃபரில் எப்போதும் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். எர்த் இல்லாததாலும் வரும், ஒவ்வொரு சாதனமும் வெவ்வேறு ஸாக்கெட்டிலிருந்து வெவ்வேறு எர்த் பிடித்திருந்தாலும் வரும். அதைப் போக்க எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லி ஒரு சிநேகிதர் எனக்கு உபதேசம் செய்திருந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. எர்த் இல்லாத ஸாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் துவாரத்தில் கோத்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். எங்கள் மதுபனிக்காரர் இதைச் சொல்லும்போது காதைப் பிடித்துக்கொண்டார்.

என் வீட்டு வயரை மட்டும் பட்டையில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எர்த் பட்டையின் மறுமுனை, மண்ணுக்குள் போகும் குழி, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? குழியின் மேல் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தத் தளம் போட்டிருந்தார்கள். சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே! உங்கள் டி.வி.க்காக நாங்கள் ஏன் தளத்தை உடைக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். அதில் நம்மவர் இருவரும் அடக்கம்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை மழையில், இரண்டாம் மாடியில் வேலை செய்யும் பெண் ஈரத் தரையில் நின்று வாஷிங் மெஷினைத் தொட்டாள். தூக்கி எறிந்தது. சுவரில் மோதித் தோள்பட்டை இறங்கியதோடு போயிற்று. பிடித்துக்கொண்டிருந்தால்? அந்த வீட்டுப் பச்சை வயரும் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தளத்தை உடைத்தார்கள்.

புதிதாக எர்த் குழி போட்டு, பன்னிரண்டு சுருள்களையும் பட்டையில் சேர்த்து, ஒவ்வொரு வீட்டு டி.பி.யிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தோம். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒத்துப்போகவில்லையென்றால், அதாவது எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாக, என்றால் உடனே லைனை வெட்டிவிடும். இது டி.வி.யைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்றும்.

அதற்குப் பிறகுதான் டி.வி. விஷயத்துக்கு வந்தேன். டி.பி. பெட்டிக்குள்ளேயே ஒரு சர்ஜ் சாதனம் வைத்தோம். டைப் 2 என்று கேட்டால் கொடுப்பார்கள். பச்சை ஜன்னல் சிவப்பானால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் போகும் வயர்கள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. இதில் எலெக்ட்ரீஷியன்கள் அசட்டையாக இருப்பார்கள். நாம்தான் நின்று பார்க்க வேண்டும். சர்ஜின் வேகத்தில் ஒரு மீட்டர் செம்புக் கம்பியே தடைச்சுவர் மாதிரி ஆகி, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் அதிலேயே நின்றுவிடும்.

டி.வி. மேஜையில் இரண்டாவது பெட்டி. டி.வி., ரிசீவர், சப்-ஊஃபர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான் செருகப்பட வேண்டும். கேபிள் வயரும் அதே பெட்டியில் உள்ள கேபிள் துளைகள் வழியாகப் புகுந்துதான் செட்டாப் பாக்ஸுக்குப் போக வேண்டும். இதுதான் முக்கியம், இதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் இரண்டு காலும் ஒரே வோல்ட்டேஜில் இருக்கின்றன. எல்லாச் சாதனங்களும் கேபிளும் ஒரே எர்த் முனையைப் பிடித்திருந்தால், சர்ஜ் வரும்போது எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாததால் எச்.டி.எம்.ஐ. வயரில் ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஒன்றை மட்டும் வேறு ஸாக்கெட்டில் மாட்டினால் காக்கை இன்னொரு காலைப் பக்கத்துக் கம்பியில் வைத்த கதைதான். ரீங்காரமும் இதில் நின்றுவிட்டது.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். மொட்டை மாடியிலிருந்து வயர் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அதன் உலோக வலையையும் டிஷ்ஷின் கம்பத்தையும் எர்த் செய்ய வேண்டும். கேபிளுக்கான புரொட்டெக்டரை டிஷ் லைனில் போட்டால் படம் போய்விடலாம். டிஷ் வயரில் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் வருகிறது, செட்டாப் பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மேலே போகிறது. இரண்டையும் விடக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கள்.

சர்ஜ் புரொட்டெக்டரால் ஆகாத காரியமும் உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நாள் சில வீடுகளில் விளக்கெல்லாம் கல்யாண வீடு மாதிரி பிரகாசமாக எரிந்தது. சில வீடுகளில் மங்கியது. கட்டடத்துக்கு வரும் நியூட்ரல் கழன்றிருந்தது. நியூட்ரல் போனால் ஒரு வீடும் இன்னொரு வீடும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. யார் வீட்டில் குறைவாகச் சாமான் ஓடுகிறதோ அவருக்கு அதிகப் பங்கு. இது கண்ணிமைப்பில் போகும் சர்ஜ் இல்லை, நிமிஷக்கணக்கில் நிற்பது. வில்லைகள் சூடேறி எரிந்துவிடும். இதற்கு அதிக வோல்ட்டேஜில் தானாக வெட்டும் கருவி தனியாக டி.பி.யில் வேண்டும். விளக்கு திடீரென்று அதிகமாகப் பிரகாசித்தால் காரணம் யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

பக்கத்திலேயே மின்னல் இறங்கினால் எந்தப் பெட்டியும் உத்தரவாதம் இல்லை. பிடுங்கிய பிளக்கும் கழற்றிய கேபிளும்தான். அதையும் இடிக்கு முன்னால் செய்ய வேண்டும். இடி நடக்கும்போது வயரைக் கையில் பிடிப்பது டி.வி.யைக் காப்பாற்றி உங்களைக் கொடுப்பதற்குச் சமம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் தயாரித்த 'தாமினி' என்ற செயலி, சுற்று வட்டாரத்தில் மின்னல் இருந்தால் செல்போனில் எச்சரிக்கிறது. என் மனைவி அதை வைத்திருக்கிறாள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழித்துத்தான் திரும்ப மாட்டுவாள். மே மாதம் ஊருக்குப் போகும்போது, காஸ் சிலிண்டரை மூடியதும் அவள் செய்யும் அடுத்த வேலை, டி.வி. பிளக்கையும் கேபிளையும் பிடுங்கி மேஜை மேல் வைப்பதுதான்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பங்காக எர்த், ஆர்.சி.சி.பி., சர்ஜ் சாதனங்கள், கூலி எல்லாம் சேர்ந்து 9,400 ரூபாய் ஆயிற்று. டி.வி.க்கு போர்டு மாற்றினோம், ரிசீவர் தேறவில்லை. ஹார்ட் டிஸ்க்கை நேரு பிளேஸில் ஒரு கடையில் கொடுத்தேன். டிஸ்க்கின் சுழலும் தட்டுக்கு ஒன்றுமில்லை, வெளியே உள்ள சர்க்யூட்தான் போயிருக்கிறது என்று, வேறொரு சர்க்யூட்டில் பழைய சிப்பை எடுத்துப் பற்றவைத்து மூன்று வாரத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். 16,000 ரூபாய். கடையிலேயே போட்டுக் காட்டினார்கள். சின்ன மானிட்டரில் அப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்திருக்க, தலையில் கலசத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டே யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். யாரை என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் கேமரா போகவில்லை. இப்போது மூன்று பிரதி இருக்கிறது, ஒன்று பெங்களூரில் தங்கையிடம்.

கேபிள்காரர் போன வாரம் வந்தார். ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, உங்கள் தொல்லையே விட்டது என்கிறார். இழையில் வராதுதான். ஆனால் பலத்துக்காக அந்த வயரோடு சில சமயம் இரும்புக் கம்பி ஒன்றையும் சேர்த்து இழுக்கிறார்களே, உங்களுடையதில் அது உண்டா, உண்டென்றால் என் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துவீர்களா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.